முருகையன் மட்டும் ஏன் வருகிறார்

ஆர்த்திக்குப் பிடிபடாத விஷயம் இதுதான்: ஞாயிற்றுக்கிழமைகளில் கால்வாயில் மண் அள்ள வருகிறவர்களில் யார் மிக நன்றாக வேலை செய்கிறாரோ, அவர் கொஞ்ச நாளில் காணாமல் போய்விடுகிறார். யார் வேலையே செய்வதில்லையோ, அவர் ஒரு வாரமும் தவறுவதில்லை.

வேலையே செய்யாதவர் முருகையன். திருவண்ணாமலையில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு லாட்ஜின் மேனேஜர். வண்டி வருவதற்கு முன்பே வந்து நிற்பார். முன் சீட்டில் ஏறிக்கொள்வார். இடம் வந்ததும் கரையிலிருக்கும் புங்கமரத்தின் நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்து, "அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் ஆழம் பாருங்க" என்பார். யாராவது மண்வெட்டியை நீட்டினால், "வெட்டறதுக்கு இத்தனை பேர் கீறீங்க. பாக்கறதுக்கு ஒருத்தன் வேணாமா?" என்று கேட்பார்.

நன்றாக வேலை செய்தவர்களில் ஆதவனைச் சொல்லலாம். ஜிம் நடத்துகிறவன். மண் நிரம்பிய இரும்புச் சட்டியைக் கைக்கு ஒன்றாகத் வாங்கிக் கரைக்குத் தூக்கிக் கொடுப்பான். ஒரு மாதம் வந்தான். நின்றுவிட்டான். அவனுக்கு முன்னால் பேங்கில் வேலை பார்க்கும் அருணாதேவி, அதற்கு முன்னால் இரண்டு ஆட்டோக்காரர்கள், அதற்கும் முன்னால் ஒரு கல்லூரி வாத்தியார். எல்லாரும் ஒரே மாதிரி. உயிரைக் கொடுத்து உழைத்தார்கள், பிறகு வரவில்லை.

ஆர்த்தி ஒரு இரு சக்கர வாகன சர்வீஸ் சென்டரில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு ஆள் சேர்ப்பதும் அவள்தான். கோளாறு என்று இருந்தால் அதற்குக் காரணம் என்று ஒன்று இருந்தே தீரும் என்பது அவளுடைய நம்பிக்கை. ஆனால் நல்ல பாகமெல்லாம் கழன்று விழுந்துவிட்டு, ஓடாத பாகம் மட்டும் அசையாமல் நிற்கிற வண்டியை அவள் இதுவரை பார்த்ததில்லை.

கால்வாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஒரு சிற்றூர். போன கார்த்திகையில் அடித்த புயல் மழையில் அந்த ஊர் ஏரி உடைத்துக்கொண்டது. உடைந்த வெள்ளம் மணலைச் சுமந்துகொண்டு ஓடியது. ஓடுகிற தண்ணீர் வேகமாக இருக்கும்வரை மணலைத் தூக்கிக்கொண்டு போகும். வேகம் குறைந்த இடத்தில் கீழே போட்டுவிடும். வெள்ளத்தின் வேகம் குறைந்த இடம் ஏரியின் மதகிலிருந்து கழனிகளுக்குப் போகும் கால்வாய். ஆகவே அது கரைக்குக் கரை மணலால் மூடிப்போனது. ஏரிக்கரையை அரசாங்கம் கட்டிக் கொடுத்துவிட்டது. ஏரியில் தண்ணீரும் நிற்கிறது. நிற்கிற தண்ணீர் வயலுக்கு வரத்தான் வழியில்லை.

பொக்லைன் விட்டால் ஒரே நாளில் முடிந்துவிடுமே என்று எல்லாரும் முதலில் கேட்பார்கள். ஆர்த்தியும் கேட்டாள். கால்வாயின் இரண்டு பக்கமும் கிணற்றுத் தண்ணீரில் விளையும் பயிர் நிற்கிறது. நடுவில் கிணறுகள் வேறு. பொக்லைன் உள்ளே வர வேண்டுமென்றால் பயிரை மிதித்துக்கொண்டுதான் வர வேண்டும். ஒரு கால்வாயைக் காப்பாற்ற நாலு கழனியை அழிக்க யார் சம்மதிப்பார்கள்? அதனால் கையால்தான் அள்ள வேண்டும்.

கையால் அள்ளுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆட்கள் கரை வரைக்கும் வரிசையாக நின்று, சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்புவார்கள். யாரும் நடக்கத் தேவையில்லை, சட்டிதான் பயணம் போகும். வரிசையில் பாதிப் பேர் வராவிட்டால் வேலை பாதியாகக் குறையும் என்று நினைப்போம். இல்லை. இடைவெளி கூடிவிடுவதால் ஒவ்வொருவரும் கனமான சட்டியோடு நடந்து போய்க் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி நடக்க வேண்டும். வேலை கால்வாசிகூட நடக்காது. ஒரு ஆதவன் போவது ஒரு ஆள் போவது மட்டுமல்ல, வரிசையில் ஒரு ஓட்டை.

அந்தக் கால்வாயின் கடைசியில்தான் ஆர்த்தியின் அத்தை உண்ணாமலையின் நிலம் இருந்தது. கிணறும் மணலால் தூர்ந்துவிட்டதால் கால்வாய்த் தண்ணீரை விட்டால் வேறு கதி இல்லை. ராமன் என்ற செங்கல் சூளைக்காரர் அந்த மண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தார். சூளைக்கு மண் எடுத்தால் மேல்மண் போய்விடும். ஆள் உயரத்துக்குப் பள்ளம் விழும். பிறகு அங்கே எதுவும் விளையாது.

"புரட்டாசி முடியறதுக்குள்ள தண்ணி வந்தா நாத்து விடுவேன்" என்று உண்ணாமலை சொல்லிவிட்டாள். "வரலன்னா சூளைக்காரருக்குத்தான். சும்மா கெடக்கற நெலத்தைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க என்னால முடியாது."

அப்போது ஆடி முடியப் போகிற நேரம்.

ஆர்த்தி கோளாறு பார்க்கும் முறைப்படியே பார்த்தாள். ஒரே நேரத்தில் நாலு பாகத்தை மாற்றினால் எது சரியானதால் வண்டி ஓடுகிறது என்று தெரியாது. ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். தூரம் காரணமோ என்று பஸ்ஸுக்குப் பதில் வேன் பிடித்தாள். எண்ணிக்கை மாறவில்லை. வெயில் காரணமோ என்று விடியற்காலையில் தொடங்கினாள். மாறவில்லை. காலையில் கொடுக்கும் பொங்கல் சலித்துவிட்டதோ என்று இட்லிக்கு மாறினாள். முருகையன் மட்டும் இரண்டு இட்லி ஜாஸ்தி சாப்பிட்டார்.

போன் போட்டும் கேட்டாள். யாருக்கும் கோபம் இல்லை. "அந்த நாளையெல்லாம் மறக்கவே முடியாதுங்க" என்றாள் அருணாதேவி. அடுத்த வாரம் வருகிறீர்களா என்று கேட்டதற்கு, "புதுசா நிறைய பேர் வராங்கல்ல?" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் பஞ்சாட்சரம்.

பஞ்சாட்சரம் கோயிலில் பூஜை செய்யும் குருக்கள் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை வேலை முடியும்போது நன்றி சொல்லும் பொறுப்பு அவருடையது. அவருக்கு அது மிகவும் பிடித்த வேலை. பொழுது சாய்ந்ததும் எல்லாரையும் கூட்டி நிற்க வைப்பார். தேங்காய் உடைப்பார், கற்பூரம் காட்டுவார், நெற்றியில் விபூதி இடுவார். அன்றைக்கு மிக நன்றாக உழைத்த ஒருவரைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்துவார். எல்லாரும் கை தட்டுவார்கள். போட்டோ எடுப்பார்கள். சால்வைக்குப் பஞ்சமே கிடையாது. கும்பாபிஷேகம், கல்யாணம், சஷ்டியப்த பூர்த்தி என்று அவருக்குப் போர்த்திய சால்வைகள் பீரோ நிறைய இருந்தன. அவர் மனைவி ஹைமவதியின் புடவைகள் இடமில்லாமல் சூட்கேஸுக்குக் குடிபோய்ப் பல வருஷமாகிறது.

"சொல்லுங்க சாமி" என்றாள் ஆர்த்தி.

"வாரம் ஒருத்தருக்கு மட்டும் மரியாதை பண்றோமோன்னோ? மத்தவா மனசு என்ன பாடுபடும்? அந்த ஏக்கத்துலதான் எல்லாரும் ஒவ்வொருத்தரா நின்னுடறா. எல்லாருக்கும் போர்த்திடுவோம். ஆத்துல பீரோவும் காலியாகும்."

கேட்பதற்கு நியாயமாக இருந்தது. மாற்றிப் பார்க்க இன்னொரு பாகம். அவள் சரி என்றாள்.

அந்த ஞாயிறு பஞ்சாட்சரம் இரண்டு பெரிய பைகளோடு வந்தார். மாலையில் ஒருவர் விடாமல் எல்லாருக்கும் போர்த்தினார். பச்சை, மெரூன், மஞ்சள், ஜரிகை வைத்தது, வைக்காதது. கால்வாய்க்குள் சேறு படிந்த காலோடு பட்டுச் சால்வை போர்த்தி வரிசையாக நின்று எடுத்த போட்டோவில் எல்லார் முகமும் மலர்ந்திருந்தது. ஆர்த்தி அவ்வளவு நல்ல ஞாயிற்றுக்கிழமையை அதற்கு முன் கண்டதில்லை.

முருகையன் அந்த நேரத்தில் ரோட்டோரக் கடைக்கு டீ குடிக்கப் போயிருந்தார். திரும்பி வந்தபோது பை காலியாகி மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"எனக்கு?" என்றார்.

"அடடா! எண்ணித்தான் கொண்டுவந்தேன், எப்படியோ ஒண்ணு கொறைஞ்சுடுத்து. அடுத்த வாரம் கட்டாயம்."

அடுத்த ஞாயிறு வேன் வந்து நின்றது. ஆர்த்தி ஏறினாள். பஞ்சாட்சரம் ஏறினார். முன் சீட்டில் ஏற்கெனவே முருகையன் உட்கார்ந்திருந்தார். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"மத்தவங்க?"

காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை.

"இதுக்கு ஒரு ஆட்டோவே போதுமே மேடம்" என்றார் டிரைவர். "டீசலாவது மிச்சமாயிருக்கும்."

கால்வாயில் உண்ணாமலை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தனியாக வெட்டிக்கொண்டிருந்தாள். வேனிலிருந்து மூன்று பேர் மட்டும் இறங்குவதைப் பார்த்தாள். மறுபடி குனிந்து வெட்டினாள். சிறிது நேரத்தில் ஒரு மொபெட் வந்தது. சூளைக்காரர் ராமன். கையில் அளக்கும் டேப்.

"வேலை நடக்கட்டும்மா, நான் ஒரு ஓரமா அளந்துக்கறேன்" என்றார் பணிவாக.

"அளந்துக்கோங்க" என்றாள் உண்ணாமலை. "மோர் குடிக்கிறீங்களா?"

"இன்னும் புரட்டாசியே பொறக்கல அத்தை!" என்றாள் ஆர்த்தி.

"பொறக்கலதான். ஆளுங்கதான் மறைஞ்சிட்டாங்க. நீ இன்னா பண்ணுவ, பாவம்? வேலையப் பாரு."

ஆர்த்திக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை யார் மேலாவது காட்ட வேண்டும் போல இருந்தது. புங்கமரத்தடியில் முருகையன் துண்டை விரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. வேலை செய்யறவங்க ஒருத்தர் கூட வரல. நீங்க மட்டும் எதுக்கு வர்றீங்க?"

முருகையனுக்குக் கோபம் வரவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எனக்கு இன்னும் போடலயேம்மா."

"என்ன போடல?"

"சால்வ. லாட்ஜ்ல ரூம் எடுக்கறவங்க எத்தினி பேருக்கு மாலை மரியாதை நடக்குது! எல்லாத்துக்கும் பூக்கடைக்கு ஓடறது நானு. சால்வ வாங்கியாறது நானு. என் தோள்ல ஒருத்தனாவது ஒரு கர்சீப்பு போட்டுக்கிறானா? இங்கதான் வாராவாரம் போடறாங்க. என்னிக்காவது ஒரு நாள் நம்ம பேரைக் கூப்பிட மாட்டாங்களான்னு வர்றேன்."

"சரி, போட்டுட்டாங்கன்னு வெச்சுக்கோங்க. அப்புறம்?"

"அப்புறம் இன்னாத்துக்கு வரணும்? அதான் முடிஞ்சி போச்சே!"

ஆர்த்தி கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள். சால்வை போர்த்தப்பட்டவர்கள் ஒவ்வொருவராக அவள் மனதில் வந்தார்கள். வாத்தியார், ஆட்டோக்காரர்கள், அருணாதேவி, ஆதவன். போன வாரம் மொத்தப் பேரும். போர்த்தப்படாமல் மிச்சமானவர் உலகத்திலேயே ஒரே ஒருவர்தான். அவர் இதோ மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்.

மறுநாள் வேலை முடிந்ததும் நேராக ஆதவனின் ஜிம்முக்குப் போனாள். உள்ளே நுழைந்ததும் மேஜைக்குப் பின்னால் சுவரில் பெரிய கண்ணாடிச் சட்டம். அதற்குள் மெரூன் நிறச் சால்வை. கீழே போட்டோ: பஞ்சாட்சரம், ஆதவன், உடைத்த தேங்காய்.

"வாங்கக்கா!" என்று எழுந்தான் ஆதவன். "கால்வா முடிஞ்சிருச்சா?"

"முடியல. நீ ஏன்டா வர்றதில்ல?"

அவன் தலையைச் சொறிந்தான். "எப்படிக்கா வர்றது? நீங்கதான் மரியாதை பண்ணி அனுப்பிட்டீங்களே."

"யாரு அனுப்பினது?"

"தேங்கா ஒடைச்சு, கற்பூரம் காட்டி, சால்வ போத்தி, போட்டோவும் எடுத்தாச்சு. இதுக்கு மேல ஒருத்தனை எப்படி அனுப்புவாங்க? எங்கப்பாவுக்கு பஸ் டெப்போல கடைசி நாள் இதையேதான் பண்ணாங்க. மறுநாள் டூட்டிக்கா போனாரு?"

ஆர்த்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. ஆனால் அவன் சொல்லி முடிக்கவில்லை.

"அதோட, மறுபடி வந்து நின்னா பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க? 'ஒண்ணு வாங்கிட்டான், இன்னொண்ணுக்கு அலையறான் பாரு'ன்னு சொல்ல மாட்டாங்க? ரெண்டு தடவ வேன் நிக்கற எடம் வரைக்கும் வந்தேன்க்கா. வெக்கமா இருந்துச்சு. திரும்பிட்டேன்."

இதைப் பஞ்சாட்சரத்திடம் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்போ இத்தனை பேரையும் நான்தான் வழியனுப்பி வெச்சேனா?"

"நல்ல மனசோடதான் பண்ணீங்க சாமி."

"பொருத்தமா மங்களம் பாடிட்டு, ஏன் யாரும் வரலைன்னு வாசலைப் பாத்துண்டு நின்னிருக்கேன்! போறும். இனிமே சால்வையே கிடையாது."

"நிறுத்த முடியாதே சாமி. நிறுத்தினா முருகையண்ணனும் வரமாட்டாரு. அவரும் ஒரு ஆள்தான். அதை விடுங்க, சால்வைக்கு ஆசைப்படறதுனாலதானே ஆதவன் கைக்கு ஒரு சட்டி தூக்கினான்? சால்வ வேலை செய்யாத பொருள் இல்ல. நல்லா வேலை செய்யுது. ஒரே ஒரு தடவதான் செய்யுது."

சொல்லும்போதே அவளுக்குள் ஏதோ சேர்ந்து பொருந்தியது. வண்டியில் கிக்கர் இருக்கிறது அல்லவா? அதை மிதித்தால் கீழே போகும், இன்ஜின் ஓடத் தொடங்கும். காலை எடுத்ததும் கிக்கர் தானாக மேலே வந்துவிடும். அதைத் தூக்கிவிடுவது உள்ளே சுருண்டிருக்கும் ஒரு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் உடைந்துபோனால் முதல் மிதிக்கு வண்டி கிளம்பும். கிக்கர் கீழேயே தொங்கும். இரண்டாவது முறை மிதிக்க எதுவும் இருக்காது. கிக்கர் கெட்டுவிட்டது என்று கொண்டுவருவார்கள். கிக்கரில் ஒரு குறையும் இருக்காது.

"சால்வைக்கு ரிட்டர்ன் ஸ்பிரிங் இல்ல சாமி" என்றாள்.

"என்ன இல்ல?"

"போனது திரும்பி வரணும். சால்வ திரும்பி வந்தா ஆளும் கூட வருவாங்க."

பஞ்சாட்சரம் காதைப் பொத்திக்கொண்டார். "போர்த்தின சால்வையைத் திருப்பிக் கேக்கறதா? சிவ சிவா! அதைவிட ஒரு அவமரியாதை உண்டா?"

"கேக்க வேணாம். அவங்க கையாலயே அடுத்தவங்களுக்குப் போத்தச் சொல்லுங்க."

அவர் கையைக் காதிலிருந்து மெல்ல எடுத்தார்.

உள்ளேயிருந்து ஹைமவதியின் குரல் வந்தது. "நன்னாத்தானே சொல்றா? வாங்கிக்கறதைவிட போர்த்தறவாளுக்குத்தான் பெருமை ஜாஸ்தி. இல்லேன்னா நீங்க ஏன் வாரா வாரம் ஓடறேள்?"

அவர் அன்றே போனை எடுத்தார். ஒவ்வொருவரிடமும் ஒரே வாசகம்தான். "உங்க கையால இன்னொருத்தருக்குப் போர்த்தணும். யாருக்குன்னு நீங்கதான் பாத்துத் தேர்ந்தெடுக்கணும். காலம்பறயே வந்தாத்தான் பாக்க முடியும்." யாரும் மறுக்கவில்லை. சால்வைக்கு அலைகிறான் என்று இனிமேல் யார் சொல்ல முடியும்? அவர்கள் கொடுக்க அல்லவா வருகிறார்கள்!

அந்த ஞாயிறு ஒரு வேன் போதவில்லை. ஆளுக்கொரு பை. துவைத்து, இஸ்திரி போட்டு மடித்த சால்வைகள். ஆதவன் சுவரிலிருந்த சட்டத்தைப் பின்பக்கம் திருகு கழற்றிச் சால்வையை எடுத்து வந்திருந்தான். தேங்காயும் கற்பூரமும் காலையிலேயே ஆகட்டும் என்று பஞ்சாட்சரம் முடிவு செய்திருந்தார். உடைத்தார், காட்டினார், விபூதி கொடுத்தார். "இப்போதான் ஆரம்பம்" என்று உரக்கச் சொன்னார்.

ஆரம்பம்தான் ஆகவில்லை. வந்தவர்கள் எல்லாரும் கரை நெடுகப் பையோடு நின்றார்கள். யார் நன்றாக வேலை செய்கிறார் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்காக எல்லாரும் கால்வாயைக் கூர்ந்து பார்த்தார்கள். கால்வாய்க்குள் உண்ணாமலை ஒருத்திதான் இருந்தாள்.

அவள் நிமிர்ந்து கரையைப் பார்த்தாள்.

"இன்னாடா இது, எல்லாரும் மரத்தடிக்காரரு மாதிரியே ஆயிட்டீங்க? இருக்கறது நான் ஒருத்தி. அத்தினியும் எனக்கே போத்தப் போறீங்களா? நான் இன்னா துணிக்கடையா வெச்சிருக்கேன்?"

கரையில் சிரிப்பு பொங்கியது. முருகையன் மட்டும் சிரிக்கவில்லை. தன் வேலையை இத்தனை பேர் செய்வதை அவர் கொஞ்சம் சங்கடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆதவன் பையை மரக்கிளையில் மாட்டினான். "மேல நின்னா எனக்கு ஒண்ணும் தெரியலப்பா. பக்கத்துல நின்னு சட்டியைக் கைமாத்தினாத்தான் யார் எப்படின்னு தெரியும்" என்று உள்ளே குதித்தான்.

அவன் சொன்னது உண்மை. வரிசையில் நிற்கிறவருக்கு இரண்டு பக்கத்து ஆட்களைப் பற்றியும் கையே எல்லாவற்றையும் சொல்லிவிடும். சட்டியை எறிகிறாரா, தருகிறாரா? அடுத்தவரின் பிடி அகப்படும்வரை விடாமல் இருக்கிறாரா? களைத்த நேரத்தில் அரைச் சட்டி போட்டு அனுப்புகிறாரா? கரையிலிருந்து நாள் முழுக்கப் பார்த்தாலும் இதெல்லாம் தெரியாது. அருணாதேவி இறங்கினாள். வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டினார். ஒரு கிளையில் மாட்ட முடியாத அளவுக்குப் பைகள் சேர்ந்தன. கால்வாயிலிருந்து கரை வரைக்கும் வரிசை இடைவெளி இல்லாமல் நின்றது. சட்டிகள் பறந்தன.

வரிசையின் கடைசியில் ஒரு ஆள் குறைந்தது. கரை மேல் வரும் சட்டியை வாங்கிக் கொட்ட ஆள் இல்லை. சட்டிகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகத் தேங்கின.

"அண்ணா!" என்று கூப்பிட்டான் ஆதவன். "நீங்க பாக்கறது இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு கொட்டுங்க."

முருகையன் எழுந்து வந்து ஒன்றைக் கொட்டினார். திரும்புவதற்குள் அடுத்தது கைக்கு வந்தது. அதைக் கொட்டினார். அதற்கடுத்தது. வரிசையில் ஒரு தடவை நின்றுவிட்டால் நடுவில் கழன்றுகொள்வது சுலபமில்லை. மதியச் சாப்பாடு வரைக்கும் அவர் கொட்டினார். சாப்பிட்டதும் யாரும் கூப்பிடாமலே போய் நின்றுகொண்டார். "அரைச் சட்டி அனுப்பறது யாரு? ரொப்பி அனுப்புய்யா!" என்று அதட்டவும் செய்தார்.

மாலையில் பஞ்சாட்சரம் ஒதுங்கி உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு அவருக்கு வேலையில்லை. அருணாதேவி ஆட்டோக்காரருக்குப் போர்த்தினாள். ஆட்டோக்காரர் உண்ணாமலைக்குப் போர்த்தினார். வாத்தியார் அருணாதேவிக்குப் போர்த்தினார். ஆதவன் மெரூன் சால்வையைப் பிரித்தான். நேராகக் கரைக்கு ஏறிப் போய் முருகையனின் தோளில் போட்டான்.

எல்லாரும் கை தட்டினார்கள். முருகையன் ஜரிகையை விரலால் தடவிக்கொண்டே நின்றார். மூக்கை உறிஞ்சினார். வேன் கிளம்பும்போது வழக்கமான முன் சீட்டை விட்டுவிட்டு ஆர்த்தியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, அடுத்த வாரம் இத நான் யாருக்குப் போடறது?"

"நீங்கதான்ணா பாத்துச் சொல்லணும்."

"பாத்துடறேன்" என்றார் முருகையன். "பாக்கறதுல நம்மள அடிச்சுக்க ஆளே கெடையாது. ஆனா மரத்தடில இருந்து பாத்தா வேலைக்காவாது போல."

புரட்டாசி நடுவில் கால்வாய் கடைசி வரை திறந்தது. மதகைத் தூக்கியபோது தண்ணீர் முதலில் நுரையும் சருகுமாகத் தயங்கித் தயங்கி வந்தது. பிறகு கரையைத் தொட்டுக்கொண்டு வந்தது. உண்ணாமலை தன் வரப்பில் நின்று மடையை மண்வெட்டியால் ஒரே கொத்தாகக் கொத்தித் திறந்தாள். அந்த வாரமே நாற்று விட்டாள். சூளைக்காரர் ராமன் விவரம் கேட்க வந்தபோது அவருக்கு மோர் கொடுத்தாள், மண் கொடுக்கவில்லை.

ஏரிக்கு மறுபக்கம் இன்னொரு கால்வாய் அதே மாதிரி மணல் மூடிக் கிடக்கிறது. அதற்கப்புறம் தூர்ந்த கிணறுகள். வருஷக்கணக்கில் செய்ய வேண்டிய வேலை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வேன் நிறைந்துதான் போகிறது. புதிதாக யாராவது வந்தால், அவருக்கான சால்வை பஞ்சாட்சரத்தின் பீரோவிலிருந்து வருகிறது. ஹைமவதியின் புடவைகள் பாதி பீரோவைப் பிடித்துவிட்டன.

முறை இவ்வளவுதான். தேங்காயும் கற்பூரமும் காலையில், வேலை தொடங்கும்போது. வருகிறவர் எத்தனை பேரோ அத்தனை சால்வை. சால்வை வாங்கியவர் அதைத் துவைத்து அடுத்த ஞாயிறு எடுத்து வர வேண்டும். அன்று முழுக்க வரிசையில் நின்று வேலை செய்ய வேண்டும். மாலையில் அதை, பக்கத்தில் நன்றாக உழைத்தவர்களில் அன்று இன்னும் சால்வை கிடைக்காத ஒருவருக்குத் தன் கையால் போர்த்த வேண்டும். வேறு யாரோ போர்த்திய ஒரு சால்வையோடு வீட்டுக்குப் போக வேண்டும். அதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டியிருப்பதால் எல்லாரும் மறுபடி வருகிறார்கள்.